புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்களுக்கு: நம்பிக்கை, பாட்டு, நடை மூணையும் எப்படி ஆரம்பிக்கிறது

முதல் வேலையா இருந்தாலும் சரி, பத்து வருஷ அனுபவத்தோட வேற கம்பெனிக்கு மாறிப் போயிருந்தாலும் சரி, ஆரம்ப மாசங்கள் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் போகும். யார்கிட்ட எதைக் கேக்கணும்னு தெரியாது, கேட்டா இதுகூட தெரியாதான்னு நினைப்பாங்களோன்னு ஒரு தயக்கம், மீட்டிங்ல எல்லாரும் சிரிக்கிற ஜோக் நமக்கு மட்டும் புரியாது, சாயங்காலம் வீட்டுக்கு வந்தா ஒண்ணும் பெருசா செஞ்ச மாதிரி இல்ல ஆனா உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும்.

இந்த நேரத்துக்கு என்ன செய்யலாம்னு என்கிட்ட கேக்கறவங்களுக்கு நான் சொல்றது மூணு விஷயம்: ஆபீஸ்ல நம்பிக்கை, மனச அமைதிப்படுத்துற இசை, தினமும் கொஞ்சம் உடற்பயிற்சி. மூணும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும். ஆனா கூட வேலை பாக்கறவங்க மேல நமக்கு இருக்கற நம்பிக்கை குறையறது எப்பன்னு யோசிச்சுப் பாருங்க, அவங்களுக்கு வேலை தெரியலங்கறதுக்காக ரொம்ப கம்மியாத்தான் குறையும், சொன்னதை சொன்ன நேரத்துல செய்யாம கமுக்கமா இருந்தப்பவும், களைப்புல எரிச்சல்ல வெடுக்குன்னு ஒண்ணு பேசினப்பவும்தான் குறையும். முதல் விஷயத்துக்கு ஒழுங்கு வேணும், ரெண்டாவதுக்கு தெம்பான உடம்பும் கொஞ்சம் ஆறின மனசும் வேணும். அதான் மூணையும் சேத்து எழுதறேன்.

படி 1: சொன்ன சொல்லை எழுதி வைங்க

1995ல மேயர், டேவிஸ், ஸ்கூர்மன்னு மூணு பேர் வேலையிட நம்பிக்கையைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க, மேனேஜ்மென்ட் படிக்கறவங்க இன்னிக்கும் அதை எடுத்துப் பேசுவாங்க. ஒருத்தரை நம்பறதுக்கு மூணு காரணம் இருக்குன்னு சொன்னாங்க. அவருக்கு வேலை தெரியும்ங்கற எண்ணம், நமக்கு கெடுதல் நினைக்க மாட்டார்ங்கற எண்ணம், சொல்றதும் செய்யறதும் ஒண்ணா இருக்கும்ங்கற எண்ணம். திறமை, நல்லெண்ணம், நேர்மைன்னு வச்சுக்கலாம்.

புதுசா வந்தவங்க பெரும்பாலும் முதல்ல திறமையைக் காட்டத்தான் துடிப்பாங்க. என்னைக் கேட்டா அது கடைசியில தானா வரட்டும். வேலையோட நெளிவு சுளிவு தெரியவே பல மாசம் ஆகும், அதுக்குள்ள எல்லாம் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா மாட்டிக்கறது நாமதான். மூணாவதா சொன்னாங்களே, சொல்றதும் செய்யறதும் ஒண்ணா இருக்கறது, அதை சேர்ந்த முதல் வாரத்துலயே காட்டலாம், அதுக்கு அனுபவமே தேவையில்ல.

எங்க டீம்ல முன்னாடி ஒருத்தர் இருந்தாரு, பெரிய மேதாவின்னு சொல்ல முடியாது. கையில எப்பவும் ஒரு சின்ன நோட்டு. மீட்டிங் முடியப்போகுது, எல்லாரும் நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்திருக்கற நேரம், "ஒரு நிமிஷம், நான் செய்ய வேண்டியது ரெண்டு. லிஸ்ட்டை நாளைக்கு மதியத்துக்குள்ள அனுப்பணும், இன்னொரு டீம்கிட்ட தேதி கேட்டு சொல்லணும். சரிதானே?"ன்னு நோட்டைப் பாத்து வாசிப்பாரு. அவ்ளோதான். மறுநாள் மதியம் லிஸ்ட் வந்திரும். கொஞ்ச நாள்ல என்ன ஆச்சுன்னா, முக்கியமான வேலைன்னு ஒண்ணு வந்தா எல்லாரோட கண்ணும் அவர் பக்கம்தான் போகும், அவரைவிட கெட்டிக்காரங்க நாலு பேர் அதே ரூம்ல உக்காந்திருப்பாங்க.

நீங்களும் இதையே செய்யலாம். நோட்டோ போன்ல இருக்கற நோட்ஸோ எதுவா இருந்தாலும் சரி, யாருக்கு என்ன சொன்னோம், எப்போன்னு சொன்னோம், இந்த மூணு விவரம் போதும். கூடவே "பாத்துக்கறேன்", "சீக்கிரம் அனுப்பறேன்" மாதிரி வழவழா பதிலை நிறுத்திடுங்க. சீக்கிரம்னா உங்களுக்கு வெள்ளிக்கிழமை, கேக்கறவருக்கு இன்னிக்கு சாயங்காலம், சண்டை அங்கேயே ஆரம்பிச்சாச்சு. நாளும் நேரமும் சொல்லுங்க, தெரியலன்னா "பதினோரு மணிக்குள்ள பாத்துட்டு எப்ப முடியும்னு சொல்றேன்"னு சொல்லுங்க, அதுவும் ஒரு வாக்குதான், அதைக் காப்பாத்தறது ரொம்ப ஈஸி.

வேலை முடிஞ்சதும் முடிஞ்சுதுன்னு ஒரு வரி போடுங்க. நிறைய பேர் வேலையை செஞ்சுட்டு அப்படியே விட்ருவாங்க, அந்தப் பக்கம் இருக்கறவர் ஆச்சா இல்லையான்னு தெரியாம தவிச்சுக்கிட்டு இருப்பாரு.

படி 2: லேட் ஆகும்னா, தெரிஞ்ச உடனே சொல்லுங்க

எல்லா வேலையும் சொன்ன நேரத்துல முடியாது, அது யாருக்கும் முடியாது. சொன்ன நேரம் தாண்டினப்புறம் மேலிடம் கேட்டு, அதுக்கப்புறம் நாம சொல்றோமே, அங்கதான் பிரச்சனை. காலையிலயே முடியாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சுன்னா காலையிலயே சொல்லுங்க, அவங்க வேற ஏற்பாடு பண்ணிக்க ஒரு நாள் கிடைக்கும். எப்படி எழுதறதுன்னு தெரியலன்னா இந்த மாதிரி எழுதலாம்:

"சார், இன்னிக்கு சாயங்காலம் தர்றதா சொன்ன ரிப்போர்ட் நாளைக்கு காலையில பத்து மணிக்குத்தான் முடியும். ரெண்டு ஃபைல் இன்னும் வரல, கேட்டிருக்கேன். அவசரம்னா இருக்கறதை மட்டும் இன்னிக்கே அனுப்பிடறேன், சொல்லுங்க."

என்ன மாறுது, ஏன், இப்போதைக்கு என்ன தர முடியும்னு மூணும் இதுல இருக்கு. "சாரி சாரி" இல்ல, பெரிய கதையும் இல்ல. தப்பு நடந்துட்டாலும் இதே அமைப்புதான், என்ன ஆச்சு, யாருக்கு பாதிப்பு, இப்ப என்ன செய்துட்டு இருக்கேன். யாரால ஆச்சுங்கறதை அவங்க கேட்டா அப்புறம் பேசிக்கலாம்.

சந்தேகம் கேக்கற விஷயத்துலயும் இதேதான். ஹார்வர்டுல இருக்கற ஏமி எட்மண்ட்சன் 1990கள்ல ஆஸ்பத்திரி டீம்களை ஆராய்ச்சி பண்ணினப்ப, நல்லா ஒத்துமையா இருக்கற டீம்ல மருந்து கொடுக்கறதுல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பாத்தாங்க, கணக்குல பாத்தா அந்த டீம்கள்லதான் ஜாஸ்தியா பதிவாயிருந்துச்சு. தோண்டிப் பாத்தா, அவங்க ஜாஸ்தி தப்பு செஞ்சாங்கன்னு அர்த்தம் இல்ல, பயப்படாம வெளியில சொன்னாங்க, அவ்ளோதான். மத்த டீம்கள்ல மறைச்சிருக்காங்க. அதனால நீங்க சேர்ந்த இடம் எப்படின்னு பாக்கணும்னா, அங்க ஒருத்தர் "எனக்கு இது புரியல"ன்னு சொன்னா மத்தவங்க முகம் எப்படிப் போகுதுன்னு கவனிங்க, பாதி தெரிஞ்சிடும்.

ஆரம்ப மாசத்துல கேக்கற கேள்விக்கு யாரும் கணக்கு வச்சுக்க மாட்டாங்க, ஒரு வருஷம் கழிச்சு அதே கேள்வியைக் கேட்டாத்தான் திரும்பிப் பாப்பாங்க. அதனால இப்பவே கேட்டுத் தள்ளிடுங்க, ஒரே ஒரு கட்டுப்பாடு, பதிலை எழுதி வச்சுக்கங்க, அதையே மூணாவது தடவை கேக்காதீங்க.

படி 3: நம்பறதுக்கும் ஒரு அளவு வைங்க

நம்பிக்கைன்னா எல்லாரையும் கண்ண மூடிக்கிட்டு நம்பறதுன்னு சிலர் எடுத்துக்கறாங்க. வேண்டாம். ரெண்டாவது வாரத்துலயே சம்பள விவரம், வீட்டுப் பிரச்சனை, பழைய ஆபீஸ் மேனேஜரைப் பத்தின புலம்பல் எல்லாத்தையும் பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட கொட்டாதீங்க. சின்ன விஷயம் ஒண்ணு சொல்லுங்க, அது அங்கயே நிக்குதா ஊரெல்லாம் சுத்துதான்னு பாருங்க. இன்னொருத்தரைப் பத்தி உங்ககிட்ட வந்து வண்டி வண்டியா பேசறவர், உங்களைப் பத்தி வேற யார்கிட்டயோ அதே மாதிரி பேசத்தான் செய்வாரு. அந்த மாதிரி பேச்சு வந்தா சண்டை போட வேணாம், "அப்படியா, எனக்குத் தெரியல"ன்னு சொல்லிட்டு தண்ணி பிடிக்கப் போயிடுங்க.

வாய்மொழியா யாராவது ஒரு வேலை சொன்னா, "நீங்க சொன்னபடி இதை இப்படி மாத்தறேன்"னு சின்னதா ஒரு மெயிலோ மெசேஜோ போட்டு வைங்க. சந்தேகப்படறோம்னு நினைக்க மாட்டாங்க, மறதிக்கு மருந்துன்னுதான் எடுத்துப்பாங்க. கூட வேலை பாத்தவரோட பேரை மீட்டிங்ல சொல்லிடுங்க, "இந்த ஐடியா அவங்க கொடுத்தது"ன்னு. நல்லெண்ணத்தைக் காட்ட இதைவிட சுலபமான வழி எனக்குத் தெரியாது.

படி 4: பாட்டை மருந்து மாதிரி முன்கூட்டியே எடுத்து வைங்க

டென்ஷன் ஏறினப்புறம் உக்காந்து என்ன பாட்டு கேக்கலாம்னு தேடினா, தேடறதுலயே இன்னும் கடுப்பாகும், நடுவுல விளம்பரம் வேற வரும். ஒரு லீவு நாள்ல நிதானமா உக்காந்து அஞ்சாறு டிராக் மட்டும் எடுத்து ஒரு பிளேலிஸ்ட் போட்டு, போன்ல டவுன்லோட் பண்ணி வச்சுடுங்க.

எதை எடுக்கறது? வேகம் கம்மியா இருக்கணும், நிமிஷத்துக்கு 60லேர்ந்து 80 தாளத்துக்குள்ள, அதாவது நாம சும்மா உக்காந்திருக்கும்போது இதயம் துடிக்கற வேகத்துக்குப் பக்கத்துல. கைய தொடையில தட்டிக்கிட்டே கடிகாரத்தைப் பாத்து எண்ணினா தெரிஞ்சிடும். திடீர்னு சத்தம் எகிறாம ஒரே சீரா போறதா இருக்கட்டும். புல்லாங்குழல், வீணை, பியானோ, மழை சத்தம், எதுவா இருந்தாலும் உங்களுக்கு ஏற்கனவே பழகினதா, பிடிச்சதா இருக்கணும், அமைதியான இசைன்னு ஊர்ல சொல்றாங்கன்னு பிடிக்காததை கேட்டா எரிச்சல்தான் மிஞ்சும். காதல் தோல்வி பாட்டு சுகமாத்தான் இருக்கும், ஆனா அது எந்த ஞாபகத்தையெல்லாம் கிளறும்னு உங்களுக்குத் தெரியும், இந்த லிஸ்ட்ல அது வேணாம்.

படிக்கறது, எழுதறது மாதிரி வார்த்தை சம்பந்தப்பட்ட வேலை செய்யும்போது வரி இருக்கற பாட்டு போடாதீங்க. காதுல விழற வார்த்தையை மூளை கேக்காம விடாது, நாம எழுதற வார்த்தையோட அது மோதும். மெயில் டைப் பண்ணிக்கிட்டே பாட்டு வரியை முணுமுணுத்து, கடைசியில ரெண்டையும் கலந்து அடிச்சவங்க எத்தனையோ பேர். டேபிளை சரி பண்றது, ஒரே மாதிரி எண்ட்ரி போடறது மாதிரி வேலைக்கு வரி இருந்தா பரவாயில்ல.

மோசார்ட் கேட்டா மூளை கூர்மையாகும்னு ஒரு பேச்சு இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. 1993ல நேச்சர் பத்திரிகையில வந்த ஒரு சின்ன ஆராய்ச்சிதான் அதுக்கு மூலம், பத்து நிமிஷம் கேட்ட கல்லூரி மாணவர்கள் உருவங்களை மனசுல மடிச்சுப் பாக்கற மாதிரி ஒரு டெஸ்ட்டை கொஞ்ச நேரத்துக்கு நல்லா செஞ்சாங்க, அந்தப் பலனும் கால் மணி நேரத்துக்கு மேல நிக்கல. பின்னாடி பாத்தவங்க, பிடிச்ச எதைக் கேட்டாலும் மனசு கொஞ்சம் உற்சாகமாகும், அதான் காரணம்னு சொன்னாங்க. ஆக பாட்டு உங்களை அறிவாளி ஆக்காது, கொஞ்சம் நிதானமாக்கும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

கேக்கும்போது இன்னொண்ணும் செய்யுங்க: மூச்சை உள்ள இழுக்கற நேரத்தைவிட வெளிய விடற நேரம் நீளமா இருக்கட்டும். நாலு எண்ணற வரைக்கும் இழுத்து, ஆறு எண்ணற வரைக்கும் விடுங்க. மூச்சு விடும்போது இதயத் துடிப்பு இயல்பாவே கொஞ்சம் மெதுவாகும், வேகஸ்னு சொல்ற நரம்பு பாத்துக்கற வேலை அது. பாட்டோட தாளத்தையே எண்ணிக்கையா வச்சுக்கலாம். ஒரு முழு பாட்டு இப்படி கேட்டுட்டு கஷ்டமான மீட்டிங்குக்குப் போனா குரல் கொஞ்சம் தணிஞ்சு வரும், நானே பல தடவை கவனிச்சிருக்கேன்.

சத்தத்தைப் பத்தியும் சொல்லணும். பெரியவங்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரைக்கும் கேட்டா பாதுகாப்புன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 3 டெசிபல் கூடினா நேரம் பாதியாகும், 83னா 20 மணி நேரம், 86னா 10 மணி நேரம்தான். சில போன்கள்லயே எவ்ளோ சத்தமா கேட்டீங்கன்னு காட்டற செட்டிங் இருக்கு, பாருங்க. பக்கத்துல இருக்கறவங்க சாதாரணமா பேசறது கேக்கலன்னா வால்யூம் ஜாஸ்தின்னு அர்த்தம்.

அப்புறம் இது என்னோட அபிப்பிராயம், ஒத்துக்காதவங்களும் இருப்பாங்க: சேர்ந்த முதல் மாசம் நாள் முழுக்க ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு உக்காராதீங்க. உங்களுக்கு அது கவனம், சுத்தி இருக்கறவங்களுக்கு அது "என்கிட்ட பேசாதே"ன்னு போர்டு மாட்டின மாதிரி. பாதி வேலை பக்கத்து சீட்ல நடக்கற பேச்சைக் கேட்டுத்தான் கத்துக்கறோம், அதையும் இழந்துடுவோம். மாட்டறதா இருந்தா "ஒரு மணி நேரம் இதை முடிச்சுக்கறேன், அவசரம்னா தோளைத் தட்டுங்க"ன்னு சொல்லிட்டு மாட்டுங்க.

படி 5: உடம்பை அசைக்க ஆரம்பிங்க, சின்னதா

1953ல ஜெரமி மோரிஸ்னு ஒரு டாக்டரும் அவரோட குழுவும் லண்டன் மாடி பஸ்கள்ல வேலை பாத்தவங்களை ஆராய்ஞ்சு எழுதினாங்க. ஒரே பஸ், ஒரே ரோடு. டிரைவர் நாள் முழுக்க உக்காந்திருப்பார், கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மேலயும் கீழயும் படியேறிக்கிட்டே இருப்பார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு வர்றது டிரைவர்களைவிட கம்மியா இருந்துச்சு. டிரைவரா சேர்றவங்க முதல்லயே பருமனா இருந்தாங்களோன்னு சந்தேகம் வந்து, யூனிஃபார்ம் தைக்க எடுத்த இடுப்பளவையெல்லாம்கூட பின்னாடி எடுத்துப் பாத்தாங்க, இடுப்பு பெருசாத்தான் இருந்துச்சு, ஆனாலும் உக்காந்தே இருக்கறது நல்லதில்லைங்கற சங்கதி அதோட அடங்கிப்போகல, அடுத்தடுத்து வந்த ஆராய்ச்சிகள்ல வலுவாயிட்டே போச்சு. ஆபீஸ் வேலை பாக்கற நாமெல்லாம் அந்த டிரைவர் சீட்லதான் உக்காந்திருக்கோம்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன அளவு இது: பெரியவங்க வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் மிதமான பயிற்சி, இல்லன்னா 75லேர்ந்து 150 நிமிஷம் கடுமையான பயிற்சி, கூடவே வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்கு வேலை. 150 நிமிஷம்னா வாரத்துல அஞ்சு நாள் அரை மணி நேரம். கொஞ்சமா செஞ்சாலும் ஒண்ணுமே செய்யாததுக்கு மேலன்னும் அதே அறிக்கையில இருக்கு, அதை நல்லா பிடிச்சுக்கங்க.

மிதமானதுன்னா என்னன்னு தெரிஞ்சுக்க வாட்ச் எதுவும் வாங்க வேணாம். நடக்கும்போது பேச முடியணும், ஆனா பாட முடியக்கூடாது. பாட்டே பாட முடியுதுன்னா வேகம் பத்தல, நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குதுன்னா அது கடுமையான பயிற்சி.

முதல் ரெண்டு வாரம் பத்து நிமிஷ நடை மட்டும் போதும். ஷூ, டிராக் பேன்ட், ஜிம் மெம்பர்ஷிப்னு ஆரம்பிக்கறவங்க பெரும்பாலும் அந்த ஷூ புதுசா இருக்கும்போதே நிறுத்திடறாங்க. ஏற்கனவே தினமும் செய்யற ஏதாவது ஒண்ணோட நடையை ஒட்ட வைங்க, மதிய சாப்பாடு முடிஞ்சதும், இல்லன்னா லேப்டாப்பை மூடினதும். போன் பேசற வேலை இருந்தா நடந்துக்கிட்டே பேசுங்க. பழகினப்புறம் பத்தை பதினஞ்சாக்குங்க, அப்படியே ஏத்துங்க. தசைக்கு, நாற்காலியில உக்காந்து கை ஊனாம எழுந்திருக்கறது பத்து தடவை, செவத்துல கை வச்சு தள்ளறது பத்து தடவை, ஆரம்பத்துக்கு இது போதும்.

தினமும் பத்தாயிரம் ஸ்டெப்ஸ் போகலன்னு மனசு உடையாதீங்க. அந்த நம்பர் 1960கள்ல ஜப்பான்ல விற்பனைக்கு வந்த ஒரு ஸ்டெப் எண்ணற கருவியோட பேர்லேர்ந்து வந்தது, ஆராய்ச்சி பண்ணி கண்டுபிடிச்ச அளவு இல்ல. ஒரு வாரம் பழையபடி இருந்து எவ்ளோ நடக்கறீங்கன்னு பாருங்க, அதைவிட ஆயிரம் கூட்டுங்க.

பழக்கம் எப்ப வரும்னு கேட்டா, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலியோட குழு பண்ணின ஆராய்ச்சியில ஒரு காரியம் தானா நடக்கற அளவுக்கு வர சராசரியா 66 நாள் ஆச்சு, சிலருக்கு 18 நாள்லயே வந்துச்சு, சிலருக்கு 254 நாள் வரைக்கும் ஆகும்னு கணக்கு வந்துச்சு. 21 நாள்ல பழக்கம் வந்துடும்னு சொல்றதை நம்பி 22வது நாள் சோர்ந்து போகாதீங்க. ஒரு நாள் விட்டுப்போனதால பழக்கம் கெட்டுப்போகலங்கறதும் அதுல தெரிஞ்சுது. மழை, காய்ச்சல், ஆபீஸ்ல ராத்திரி வேலை, எதாவது வரும், அடுத்த நாள் போயிடுங்க.

வேகமா நடக்க பாட்டு நல்ல துணை, ஆனா இதுக்கு அந்த அமைதி லிஸ்ட் உதவாது, நிமிஷத்துக்கு 120 தாளத்துக்கு மேல இருக்கறதா தனியா ஒண்ணு போடுங்க. மிதமான பயிற்சியில பாட்டு இருந்தா அலுப்பு கம்மியா தெரியும். ரோட்டோரமா நடந்தா ஒரு காதை திறந்தே வைங்க. ஏற்கனவே இதயம், சர்க்கரை, மூட்டுன்னு ஏதாவது இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க, நடக்கும்போது நெஞ்சு வலியோ தலைசுத்தலோ வந்தா அப்பவே நிறுத்திடுங்க.

படி 6: எரிச்சலான மெயில் வந்தா

மூணும் ஒண்ணா உபயோகப்படற இடம் இதுதான். பத்து பேரை காப்பில வச்சு ஒருத்தர் உங்களைக் குத்தம் சொல்லி மெயில் போட்டிருக்கார்னு வைங்க. காது சூடாகும், விரல் தானா கீபோர்டுக்குப் போகும், முதல் வரியே "நான் ஏற்கனவே தெளிவா சொல்லியிருந்தேனே"ன்னு ஆரம்பிக்கும். அடிங்க, தப்பில்ல, ஆனா ரிப்ளை பட்டனை அழுத்தாம வெறும் நோட்பேட்ல அடிங்க, அனுப்பற இடமே அங்க இருக்காது. அடிச்சுட்டு எழுந்து படியில ரெண்டு மாடி ஏறி இறங்குங்க, முடிஞ்சா வெளிய பத்து நிமிஷம். திரும்பி வந்து அமைதி லிஸ்ட்ல ஒரு பாட்டு, நீளமா மூச்சு. அப்புறம் அந்த நோட்பேடைத் திறந்து, நடந்த விஷயமா இருக்கற வரியை மட்டும் விட்டுட்டு மத்ததை அழிச்சுடுங்க. பெரும்பாலும் ஒரு பக்கம் அடிச்சது மூணு வரியாயிடும். அந்த மூணு வரியை அனுப்பறதைவிட நேர்ல போயோ போன்லயோ பேசினா இன்னும் நல்லது, பேசி முடிச்சதை மட்டும் எல்லாருக்கும் மெயில்ல சொல்லிடலாம்.

எல்லாம் செஞ்சும் சில இடம் சரிவராது, அதையும் சொல்லிடறேன். சொன்னதை சொன்ன நேரத்துக்கு முடிச்சாலும் பழி உங்க மேலயே வருது, உங்க வேலைக்கு வேற ஒருத்தர் பேர் வாங்கிட்டுப் போறார், கேள்வி கேட்டா நக்கல் பண்றாங்கன்னா அதுக்கு பாட்டும் நடையும் தீர்வு இல்ல. ரெண்டு ஆள் வேலையை ஒருத்தர் தலையில கட்டினா எந்த பிளேலிஸ்ட்டும் அதை சரி பண்ணாது. எழுத்துல இருக்கறதையெல்லாம் பத்திரமா வைங்க, மேலாளர்கிட்ட தேதி, சம்பவத்தோட ஒரு தடவை பேசுங்க, அங்க ஒண்ணும் நகரலன்னா ஹெச்ஆர், அதுவும் நகரலன்னா வேற வேலை தேட ஆரம்பிங்க, கையில ஆர்டர் வர்ற வரைக்கும் இங்க இருந்துக்கிட்டே. தூக்கம் வாரக்கணக்கா வரல, காலையில ஆபீஸ்ன்னு நினைச்சாலே வயித்தைப் பிசையுதுன்னா வேலை தேடறதோட சேத்து டாக்டரையும் பாத்துடுங்க, அதைத் தள்ளிப் போடாதீங்க.